டீவியின் நெற்றி

எங்கள் அட்டைப்பெட்டிக் கம்பெனியில் அவளை எல்லோரும் டீவி என்றுதான் கூப்பிடுவோம். மனதில் எது ஓடினாலும் முகத்தில் ஓடிவிடும். அவள் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது முகத்தைப் பார்த்தாலே போதும், உள்ளே இருப்பது நேற்றையதா இன்றையதா என்று தெரிந்துவிடும். பசை மேஜையில் வேலை செய்யும் அக்கா தினமும் காலையில், "இன்னிக்கு என்ன படம்டி, சிரிப்புப் படமா அழுகைப் படமா?" என்று கேட்டுவிட்டுத்தான் உட்காருவார்.

எனக்கு வைத்த பெயர் பேசாமடந்தை. எட்டாவதோடு படிப்பை விட்டவள். நாலு பேர் இருந்தால் வாய் திறக்க வராது. பார்க்க மட்டும் நன்றாக வரும்.

ஆறு வருடமாக நாங்கள் இருவரும் ஒரே பஞ்சிங் மெஷினில் இருந்தோம். ஒரு பெரிய இரும்புப் புத்தகத்தை நிறுத்தி வைத்தது போல இருக்கும் அது. திறந்து திறந்து மூடும். ஒரு பக்கத்தில் கத்திகள். உள்ளே அட்டையை வைத்து மூடினால் பெட்டியின் வடிவம் வெட்டுப்பட்டு, மடிக்க வேண்டிய இடங்களில் கோடும் விழுந்துவிடும். அவள் முன்னால் நின்று அட்டையை வைப்பாள். நான் பக்கத்தில் நின்று பெடலை மிதித்து, வெட்டிய அட்டையை இழுப்பேன். என் இடத்திலிருந்து அவள் கைகள் தெரியாது, இரும்புத் தகடு மறைக்கும். கழுத்துக்கு மேலேதான் தெரியும். நாலு மெஷின் போடும் சத்தத்தில் கத்தினாலும் காதில் விழாது.

பெரும்பாலும் ஒரே தாளமாகப் போகும். சில நேரம் அட்டை கோணிக்கொள்ளும். அப்போது அவள் கையை மறுபடி உள்ளே விட்டு நேராக்க வேண்டும். அதற்குச் சிவப்பு விளக்கு ஒன்று வைத்திருந்தார்கள். பொத்தானை அழுத்தினால் எரியும். பொத்தானுக்கு ஒரு கை வேண்டும், அட்டைக்கு இரண்டு கை வேண்டும் என்பதால் யாரும் அதைத் தொடுவதில்லை. எல்லா மெஷினிலும் புருவம்தான். புருவத்தைத் தூக்கினால் கை உள்ளே இருக்கிறது, மிதிக்காதே என்று அர்த்தம். ஒரு நாளைக்கு நூறு தடவையாவது தூக்குவாள். அவளைப் பெற்றவளைவிட அந்த முகத்தை அதிகம் பார்த்தவள் நான்தான்.

அவளுக்கு இருபத்தெட்டு வயதுதான். நெற்றியில் மூன்று கோடுகள் விழுந்திருந்தன. அவளுக்கு அது தெரிந்தது கம்பெனியில் புது அடையாள அட்டைக்குப் போட்டோ எடுத்த அன்று.

"யாருக்கா இது?" என்று அட்டையை என்னிடம் நீட்டினாள்.

"நீதான்."

"எங்கம்மா மாதிரி இருக்கேன்."

பிறகு தன் செல்போனை எடுத்துக் காட்டினாள். அதில் இருந்தவளுக்கு நெற்றி உரித்த முட்டை மாதிரி இருந்தது. அந்த ஃபோனே முகத்தை வழவழவென்று ஆக்கிவிடுமாம். அவள் புருஷன் வெளிநாட்டில் கிரேன் ஓட்டுகிறவர். மூன்று வருடமாக அவர் தினமும் பார்த்துப் பேசியது இந்த முகத்தோடு.

"நீ மாறவே இல்லங்கறாரு அக்கா. தினம் சொல்றாரு. ஏழு வாரத்துல நேர்ல வந்து நிக்கப் போறாரு. கதவத் திறந்ததும் யாரப் பாப்பாரு?"

பசை அக்கா வாயில் சோற்றோடு சிரித்தார். "அவரு தலையில முடி இருக்கான்னு முதல்ல கேளுடி. தொப்பி இல்லாம ஒரு நாளாவது ஃபோன்ல வந்திருக்காரா?"

எல்லோரும் சிரித்தோம். டீவி சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு அவள் புருவத்தைத் தூக்கும்போதெல்லாம் நெற்றியைத் தொட்டுப் பார்க்க ஆரம்பித்தாள். ஒட்டும் நாடாவை நெற்றியில் இழுத்து ஒட்டிக்கொண்டு தூங்கினாள். காலையில் அந்த இடம் சிவந்திருக்கும். என்னென்னவோ களிம்பு தடவினாள். தங்கையோடு கடைக்குப் போன இடத்தில் கடைக்காரர், "உங்க பொண்ணுக்குங்களா?" என்று கேட்டாராம். தங்கைக்கு இருபத்துநாலு வயது. அன்றைக்கே அவள் தீர்மானித்துவிட்டாள் என்று நினைக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை என்னைத் துணைக்குக் கூட்டிப்போனாள். செல்போன் கடைக்கு மேல்மாடியில் ஒரு அழகு நிலையம். அங்கிருந்த மேடத்தின் வயதைச் சொல்ல முடியவில்லை. அவர் சிரித்தபோது உதடு மட்டும் சிரித்தது. மேலே எதுவும் நகரவில்லை. சின்ன ஃபிரிட்ஜைத் திறந்து, பால் பாக்கெட்டைத் தள்ளிவிட்டு, அதன் பின்னாலிருந்து ஒரு புட்டியை எடுத்தார். புட்டியில் ஒட்டியிருந்த காகிதம் பாதி கிழிந்திருந்தது.

"நாலஞ்சு ஊசிதாம்மா. மூணு மாசத்துக்கு இஸ்திரி போட்ட மாதிரி இருக்கும். நெத்தி அசையாது, அவ்வளவுதான்."

டீவியின் கையைப் பிடித்து இழுத்தேன். "மெஷின்ல எப்படிடி..."

"கண்ண மூடிக் காட்டறேன் அக்கா. ரெண்டு கண்ணையும் இறுக்கி மூடினா நில்லுங்கன்னு அர்த்தம். என்ன, சரியா?"

நான் தலையாட்டினேன். தலையாட்டுவதுதான் எனக்குப் பழக்கம். ஊசி ஏறும்போது அவள் என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினாள், வேடிக்கைக்கு.

முதல் மூன்று நாள் ஒன்றும் தெரியவில்லை. புதன்கிழமை புருவம் பாதிதான் ஏறியது. வெள்ளிக்கிழமை ஒரு மயிரிழை. அடுத்த திங்கள் அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. கழுவித் துடைத்த தட்டு மாதிரி இருந்தது. வந்தவர் போனவரெல்லாம் "பளபளன்னு இருக்கியேடி" என்றார்கள். பசை அக்கா மட்டும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "டீவில படம் நின்னுபோச்சு" என்றார்.

கண்ணை மூடிக் காட்டுவதை அவள் பெரும்பாலும் மறக்காமல்தான் செய்தாள். எனக்குத்தான் பயம் போகவில்லை. சில தடவை அவள் கண் திறந்தே இருக்கும், முகம் அமைதியாக இருக்கும், ஆனால் தூசிக்காகத் தலையில் கட்டியிருக்கும் துணி காதோரத்தில் லேசாகப் பின்னால் போகும். ஆறு வருடப் பழக்கத்தில் புருவத்தைத் தூக்கப் பார்க்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. நான் அவள் முகத்தை விட்டுக் காதுகளைப் பார்க்க ஆரம்பித்தேன். சூப்பர்வைசரிடம் சொல்ல வேண்டும் என்று தினமும் அவர் அறை வாசல்வரை போவேன். அங்கே யாராவது இருப்பார்கள். திரும்பி வந்துவிடுவேன்.

வியாழக்கிழமை அவசர ஆர்டர். அட்டை ஈரம் வாங்கியிருந்தது, அடிக்கடி கோணியது. நான் இழுத்த அட்டையை அடுக்கிவிட்டு நிமிர்ந்தேன். அவள் நேராக என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். சாந்தமான முகம். மிதித்தேன்.

மிதித்த பிறகுதான் துணி நகர்ந்தது தெரிந்தது. காலை எடுத்துவிட்டேன். எடுத்து என்ன, அந்த மெஷின் கிளம்பினால் ஒரு தடவை மூடித்தான் திறக்கும். அவள் வாய் திறந்தது. அதற்கு மேலே அந்த நெற்றி, ஒன்றும் நடக்காதது போல.

திறந்தபோது உள்ளே இரண்டு விரல் நுனிகள் கிடந்தன. நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பிறகுதான் பார்த்தேன், அவை கையுறையின் நுனிகள். உள்ளே ஒன்றுமில்லை. அவள் கையை இழுத்திருந்தாள். நடுவிரல் நகத்தோடு கன்றிப்போயிருந்தது.

"தூக்கினேனே அக்கா! புருவத்தத் தூக்கினேனே!" என்று என்னை உலுக்கினாள். உண்மையாகவே தூக்கியதாக நினைத்திருந்தாள்.

சூப்பர்வைசர் ஓடி வந்து என்னைத்தான் திட்டினார். "கண்ணு எங்கம்மா இருந்துச்சு?" அவள்தான் அழுதுகொண்டே ஊசி விஷயத்தைச் சொன்னாள். அவர் ஒரு நிமிடம் அவள் நெற்றியையே பார்த்தார். மறுநாள் அவளை வெட்டிய அட்டைகளைக் கட்டுக் கட்டும் மேஜைக்கு மாற்றிவிட்டார்.

புருஷன் வந்தார். லீவு முடிந்து போனார். பஸ்ஸுக்கு நிற்கும்போது அதைப் பற்றி ஒரே ஒரு தடவை சொன்னாள்.

"நெத்தியப் பத்தி எதுவும் கேக்கலியா?" என்றேன்.

"நெத்தியா? அது அவரு கண்ணுலயே படல. நான் எது பேசினாலும் மூஞ்சியையே பாத்துட்டு, என்ன கோபம்ங்கறாரு. கோபம் இல்லன்னா, அப்ப எதையோ மறைக்கிறங்கறாரு. அவருக்கு எப்படி அக்கா காட்டறது?" சொல்லும்போது கண்ணீர் வழிந்தது. நெற்றி சும்மா இருந்தது.

அவர் போன பிறகு ஃபோன் வருவது குறைந்துவிட்டது.

மூன்று மாதம் முடிந்தது. நாலாவதும் போனது. அழகு நிலையத்துக்கு ஓடினோம். ஷட்டர் இழுத்துப் பூட்டியிருந்தது. கீழே செல்போன் கடைக்காரர், "காலி பண்ணி ரெண்டு மாசம் ஆச்சு. உங்கள மாதிரி நெறைய பேரு வந்து கேக்கறாங்க" என்றார்.

டாக்டரிடம் போ என்றேன். இன்னும் பத்து நாள் பார்க்கலாம் என்றாள். பத்து பத்தாகத் தள்ளிப்போட்டாள். தினமும் வேலை விட்டதும் கேட் பக்கத்தில் என் முன்னால் வந்து நிற்பாள். முகத்தை எனக்குக் காட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு முயற்சி செய்வாள்.

"இன்னிக்கு?"

"இன்னும் இல்ல."

மறுநாள், "இன்னிக்கு?" ஒரு நாள் அவள் கண்களைப் பார்க்க முடியாமல், "கொஞ்சம்" என்று சொல்லிவிட்டேன். அவள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். அடுத்த நாள் "நேத்தைக்கு இன்னிக்குப் பரவால்ல" என்றேன். ஒரு வாரத்தில் பாதி தூக்க வருகிறது என்பதுவரை போய்விட்டேன். உண்மையில் இடது ஓரத்தில் ஒரு நூலளவு துடிக்கும், அவ்வளவுதான்.

இந்தத் திங்கட்கிழமை கட்டுக் கட்டுவதற்கு மெஷின் வந்து இறங்கியது. அந்த மேஜையில் இருந்த நாலு பேருக்கும் மாதக் கடைசியோடு வேலை இல்லை. டீவி என் கையைப் பிடித்துத் தரதரவென்று சூப்பர்வைசர் அறைக்கு இழுத்துப்போனாள்.

"சார், நான் பழையபடி பஞ்சிங்குக்கே போறேன். நெத்தி சரியாயிடுச்சு. இவங்களக் கேளுங்க, தினம் பாக்கறாங்க. இவங்க பொய் சொல்ல மாட்டாங்க."

அவர் பேனாவை மூடிவிட்டு என்னைப் பார்த்தார். "என்னம்மா, நீதான மிதிக்கப் போற. நிக்க வைக்கலாமா?"

அறையில் வேறு இரண்டு பேர் இருந்தார்கள். அவள் என் பக்கம் திரும்பி, எனக்காக முகத்தைத் தூக்கிக் காட்டினாள். துணி பின்னால் போனது. காதுகள் அசைந்தன.

"வேணாம் சார்," என்றேன். "அசையல. நான் சொன்னதெல்லாம் பொய்."

என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். என்னை வெறுத்தாளா, பயந்தாளா என்று கண்டுபிடிக்க அந்த முகத்தில் எங்கெங்கோ தேடினேன். கை என் கையிலிருந்து மெல்ல விலகியது. அது மட்டும்தான் தெரிந்தது.