சுடாத கால்

அப்பா மூன்றாம் முறை தீ மிதித்தபோது அவருக்குச் சுடவே இல்லை. அதுதான் நோயின் முதல் அடையாளம். எங்களில் ஒருவருக்கும் அது தெரியவில்லை. தெரியாததோடு நின்றோமா? அவர் கழுத்தில் மாலை போட்டு, மேளத்தோடு வீட்டுக்குக் கூட்டி வந்தோம்.

பதினாலாம் வருஷத்து ஜெர்மன் சண்டை தொடங்குவதற்கு முந்தைய காலம் அது. பினாங்கில், மாரியம்மன் கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளி எங்கள் வீடு. முந்தின இரண்டு வருஷமும் தீக்குழியைக் கடந்ததும் அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு பாதத்தைத் தடவியது எனக்கு நினைவிருக்கிறது. இந்த வருஷம் வரப்பில் நடப்பவர் மாதிரி நிதானமாக நடந்து வந்தார்.

"நெருப்பே இல்லம்மா பாக்கியம். பூ மேல நடந்த மாதிரி இருந்துச்சு" என்றார்.

என் வீட்டுக்காரர் அப்படியே அவர் காலில் விழுந்துவிட்டார். "மாமா மேல ஆத்தா இறங்கிட்டா" என்று தான் வேலை பார்க்கும் படகுத்துறை முழுக்கச் சொல்லிவிட்டு வந்தார்.

வீட்டில் நீரிழிவுக்காரர் (ரத்தத்தில் சர்க்கரை மிகுந்து, சிறுநீரில் இறங்கும் நோய் உள்ளவர்) ஒருவரை வைத்துக்கொண்டு திண்டாடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் வைத்தியம் படித்தவள் இல்லை. பார்த்ததை மட்டும் சொல்கிறேன்.

அப்பா இளவயதில் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறி வந்தவர். ஒப்பந்தம் முடிந்ததும் சுங்கை பாக்காப் பக்கம், ஆற்றோரமாக ஒரு துண்டு நிலத்தைத் திருத்தி, கத்தரியும் வெண்டையும் வெற்றிலையும் போட்டார். போட்டதை எல்லாம் காட்டுப்பன்றி வந்து கிண்டிவிட்டுப் போகும். அதனால் பாதி நாள் விவசாயி, பாதி நாள் வேட்டைக்காரர். பன்றித்தடத்தைப் பார்த்தே, எப்போது போனது, குட்டியோடு போனதா தனியாகப் போனதா என்று சொல்லிவிடுவார். சதுப்பில் இடுப்பளவு இறங்கிக் கையாலேயே விரால் பிடிப்பார். வீட்டுக்குள் ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

செருப்பு என்ற ஒன்றை அவர் தொட்டதே கிடையாது. "தரையைத் தொடாம நடக்கிறதுக்குப் பேரு நடையா?" என்பார். முள் ஏறினால் பாராங்கத்தி என்ற காட்டு வெட்டுக்கத்தியின் நுனியால் தோண்டி எறிந்துவிட்டு நடந்துகொண்டே இருப்பார்.

அம்மா இறந்தபிறகு, குனிந்து வேலை செய்ய முடியாமல் போனதும், நிலத்தை விட்டுவிட்டு என்னிடம் வந்தார். டவுனுக்கு வந்தும் மனுஷன் அடங்கினாரா? விடிந்ததும் மலையடிவாரத்துக்குக் கிளம்பிவிடுவார். திரும்பும்போது கையில் கீரை இருக்கும், சில நாள் உயிரோடு உடும்பு இருக்கும். உடும்பைப் பார்த்தால் என் வீட்டுக்காரர் சோற்றை விட்டு எழுந்து ஓடுவார். அப்பாவுக்கு அதில் அப்படி ஒரு சந்தோஷம்.

தீ மிதித்தது எனக்காகத்தான். முதல் இரண்டு பிள்ளைகளும் எனக்குத் தங்கவில்லை. மூன்றாவதாகச் செல்லம் வயிற்றில் இருந்தபோது, இந்தப் பிள்ளை நிலைத்தால் மூன்று வருஷம் தீ மிதிக்கிறேன் என்று அப்பா வேண்டிக்கொண்டார். செல்லம் பிறந்தாள், நிலைத்தாள், தாத்தாவின் தோளிலேயே வளர்ந்தாள்.

மூன்றாம் வருஷ விரதத்தில் அப்பா பாதியாக இளைத்தார். சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தார். அவர் சிறுநீர் கழிக்கும் சாக்கடை ஓரத்தில் எறும்பு மொய்த்தது. விரதம் என்றால் இளைக்கத்தான் செய்யும், வெயில் என்றால் தாகம் எடுக்கத்தான் செய்யும் என்று ஒவ்வொன்றுக்கும் எங்களிடம் ஒரு பதில் இருந்தது. எறும்புக்கு மட்டும் பதில் இல்லை. சாம்பலைக் கொட்டி மூடினோம்.

திருவிழா முடிந்து சில வாரம் கழித்து அப்பாவின் பாயைச் சுருட்டும்போது ஒரு நாற்றம் அடித்தது. எலி செத்துக் கிடக்கிறதென்று நினைத்து மூலையெல்லாம் தேடினேன். கடைசியில் பார்த்தால், அவர் வலது காலில் வேட்டிக் கிழிசலைச் சுற்றியிருந்தார்.

"என்னப்பா இது?"

"ஒண்ணுமில்ல. கல்லு குத்திருச்சு."

"காட்டுங்க."

"போம்மா, வேலையைப் பாரு."

நான் கேட்கிற ஆளா? காலைப் பிடித்து இழுத்துக் கட்டை அவிழ்த்தேன். உள்ளங்கால் வெந்து, தோல் கழன்று, சுண்டுவிரல் கரியாக இருந்தது. கையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டேன். அவரோ என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். காலில் அவருக்கு ஒரு வலியும் இல்லை.

"யார்கிட்டயும் சொல்லிடாதே தாயி" என்றார்.

எங்கள் ஆட்களிடம் ஒரு நம்பிக்கை உண்டு. விரதம் சுத்தமாக இருந்தால் தீ சுடாது. கொப்பளித்தால் எங்கேயோ குறை இருக்கிறது, வேண்டுதல் சேரவில்லை. முந்தின வருஷம் ஒருவருக்குக் கால் கொப்பளித்தபோது, "வாயைக் கட்டத் தெரியாதவனுக்கு எதுக்குய்யா வேண்டுதல்?" என்று கேலி பேசியது இதே அப்பாதான். இப்போது அவர் பயந்தது ஊர்ப் பேச்சுக்கு மட்டுமல்ல. வேண்டுதல் பொய்த்துப்போனது என்று வெளியே தெரிந்தால், அது செல்லத்தைத் தாக்கும் என்று நம்பினார். பேத்தியைக் காப்பாற்றுவதாக நினைத்து வெந்த காலை ஒளித்துவைத்திருக்கிறார். வலித்திருந்தால் ஒளித்திருக்க முடியுமா?

மறுநாளே பெரியாஸ்பத்திரிக்கு ரிக்‌ஷாவில் ஏற்றிப்போனோம். டிரெசர் ஐயா (டாக்டருக்கு உதவியாளர்) யாழ்ப்பாணத்துக்காரர். சிறுநீரில் சில சொட்டை ஒரு நீல மருந்தில் விட்டுக் காய்ச்சினார். நீலம் பச்சையாகி, செங்கல் நிறத்துக்கு வந்தது. பிறகு ஊசியால் அப்பாவின் இரண்டு பாதத்தையும் குத்திக்கொண்டே வந்தார். கணுக்கால் தாண்டும் வரை அப்பா அசையவே இல்லை.

"பிள்ளை, இது சலரோகம், நீரிழிவு" என்றார் என்னிடம். "சர்க்கரை நரம்பைக் கெடுத்துப்போட்டுது. காலிலை உணர்ச்சி செத்து எத்தினை மாசமோ தெரியேல்லை."

எனக்கு அப்போதுதான் புரிந்தது. ஆத்தா இறங்கியதாக நாங்கள் கொண்டாடிய அன்றைக்கே அந்தக் கால் செத்திருந்தது. ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யார் மேல் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை.

வெள்ளைக்கார டாக்டர் வந்து பார்த்தார். கால் அழுகல் (ரத்த ஓட்டம் நின்று சதை சாவது) மேலே ஏறுகிறது, முழங்காலுக்கு மேல் வெட்டினால் உயிர் தங்கலாம், தாமதித்தால் தங்காது என்று டிரெசர் எடுத்துச் சொன்னார். இன்றைக்கு இருக்கும் ஊசி மருந்து அன்றைக்கு இல்லை.

அப்பா ஒரே பிடியாக மறுத்தார். "கால் இல்லாம நான் எங்க போவேன்? அதோட போயிடறேன், விடுங்க" என்றார். என் வீட்டுக்காரர் கெஞ்சினார். கேட்கவில்லை. அழுகல் கெண்டைக்கால் வரை ஏறியது. காய்ச்சலில் உளறத் தொடங்கினார். தெளிந்தபோதெல்லாம் ஒரே கேள்விதான்: "செல்லம் நல்லா இருக்காளா?"

நான் செல்லத்தை வார்டுக்குத் தூக்கிப்போய் அவர் மார்பில் உட்காரவைத்தேன்.

"நல்லாப் பாருங்கப்பா. கொழுகொழுன்னு இருக்கா. ஆத்தா கோவிச்சிருந்தா இவளையில்ல எடுத்திருப்பா?"

அப்பா அவள் காதையும் விரலையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். "அப்ப ஆத்தா என் காலைக் கேக்கிறாளா?" என்றார்.

நான் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் அவர் முகம் தெளிந்துவிட்டதைப் பார்த்தேன். "ஆமாம்பா" என்றேன்.

"அதை முதல்லயே சொல்றதுக்கென்ன? கூப்பிடு டாக்டரை."

குளோரோபாம் (மயக்க மருந்து) கொடுத்து வெட்டினார்கள். பிழைத்தார். மூன்று மாதம் எங்களோடு இருந்தார். அந்த மூன்று மாதமும் வேறு ஒரு கொடுமை. இல்லாத அந்தக் கால் எரிய ஆரம்பித்தது.

"சுடுது பாக்கியம், பாதம் வேகுது" என்று பட்டப்பகலில் அலறுவார். கால் போனது நரம்புக்குத் தெரியாது, அதனால் இப்படி வலிக்கும் என்று டிரெசர் சொன்னார். அப்பா அதை ஏற்கவில்லை. "நான் இன்னும் குழிக்குள்ளதாம்மா நிக்கிறேன். பாதிதான் தாண்டியிருக்கேன்" என்பார். அவருக்குத் திருவிழா முடியவே இல்லை. காட்டில் நடந்த அத்தனை வருஷமும் போய், அந்த ஒரு நடை மட்டும் மிஞ்சியது.

ஒருநாள் தாங்கமாட்டாமல் சொம்பை எடுத்து, கால் இருக்கவேண்டிய வெறும் தரையில் தண்ணீர் ஊற்றினேன். அவர் கண்ணை மூடி மூச்சு விட்டார். "இன்னும் கொஞ்சம் கீழ, விரல்கிட்ட" என்றார். பார்த்தவர்கள் எனக்கும் புத்தி பிசகிவிட்டதென்றார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். அவர் போகிற நாள் வரை ஊற்றினேன்.

வேறு எது மறந்தாலும், உங்கள் வீட்டு நோயாளியின் பாதத்தைத் தினமும் கையில் எடுத்துப் பாருங்கள். வலி இல்லை என்று அவர் சொன்னால் சந்தோஷப்படாதீர்கள்.

எனக்கும் இப்போது அதே நோய். இன்சுலின் (சர்க்கரையை இறக்கும் ஊசி மருந்து) போட்டுக்கொள்கிறேன். செல்லம் கல்யாணமாகி அடுத்த தெருவில்தான் இருக்கிறாள். சாயங்காலம் வந்து, கண்ணை மூடச் சொல்லி, குண்டூசியால் என் பாதத்தில் ஒவ்வோர் இடமாகத் தொட்டுச் சோதிப்பாள். சுருக்கென்று வலிக்கும்போது எனக்கு வரும் நிம்மதியைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். அப்பா போய் இருபது வருஷத்துக்கு மேலாகிறது. வலிக்கு நேர்ந்துகொள்ளும் ஒரே பெண்பிள்ளை இந்த ஊரில் நானாகத்தான் இருக்கும்.

நேற்றும் வந்தாள். வலது கால் முழுக்க வலித்தது. இடது காலில் குதிகாலும் நடுப்பாதமும் வலித்தன. சுண்டுவிரலுக்கு அவள் வரக் காத்திருந்தேன்.

"என்னடி யோசனை? குத்து" என்றேன்.

கண்ணைத் திறந்தேன். செல்லம் ஊசியைப் பிடித்தபடி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"குத்திட்டேம்மா" என்றாள்.