மூக்கை அடைத்திருந்த நாட்களில்

மூக்கின் நடுத்தண்டு வளைந்திருக்கிறது, அறுவை செய்தால்தான் சரியாகும் என்று மருத்துவர் சொன்னபோது நான் அவ்வளவாகப் பயப்படவில்லை. என் அண்ணனுக்கும் அதே கோளாறு இருந்தது. சில வருடங்களுக்கு முன்பு தேனியில் அறுவை செய்துகொண்டார். சின்னமனூரிலிருந்து மேகமலைக்கு ஜீப் ஓட்டுகிறவர் அவர். எஸ்டேட் ஆட்களையும் அவர்கள் வாங்கிய சாமான்களையும் ஏற்றிக்கொண்டு மலைக்கும் ஊருக்கும் போய்வருவார்.

நான் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. பாடம் நடத்தும்போது நடுநடுவே நிறுத்தி வாயால் மூச்சு வாங்குவேன். அதைப் பார்த்துப் பார்த்து அண்ணன்தான் என்னைச் சம்மதிக்க வைத்தார்.

"மூஞ்சியில கத்தியே படாது தாயி. மூக்குத் தொளை வழியாவே முடிச்சுருவாக. மயக்கத்துல ஒனக்கு ஒண்ணுந் தெரியாது. முழிச்ச பெறகுதான் பாடு. ரெண்டு தொளையையும் அடச்சு வச்சுருப்பாக. மூச்சு முட்டுற மாதிரி இருக்கும், ஆனா முட்டாது. பதறாம வாயால விடு."

"வலிக்குமாண்ணே?"

"வலின்னு இல்ல, ஒரு எரிச்சல். தல கனமா இருக்கும். அடச்சத எடுக்கையில கண்ணுல தண்ணி வந்துரும். அம்புட்டுத்தான். அப்பறம், முன்பல்லு கொஞ்ச நாளைக்கு மரத்துக் கெடக்கும். பல்லுல கைய வச்சுட்டாகன்னு டாக்டர்ட்டச் சண்டைக்குப் போயிராத. நான் போனேன்."

என் வீட்டுக்காரருக்குக் கட்டப்பனையில் வேலை. ஏலக்காய் எடுப்பு நேரம், லீவு கிடைக்கவில்லை. அதனால் அண்ணன் மனைவிதான், என் மதினி, ஆஸ்பத்திரியில் துணைக்கு இருந்தாள். அண்ணன் எங்களைத் தேனியில் இறக்கிவிட்டு, நான் அறுவை அறைக்குள் போகும்வரை வெளியே நின்றார். பிறகு ஊருக்குப் போய்விட்டார்.

கண் விழித்தபோது எல்லாம் அவர் சொன்னபடியே இருந்தது. வாய் வறண்டு, தொண்டையில் ரத்த ருசி. எச்சில் விழுங்கினால் காது அடைத்தது. மூக்குக்குக் கீழே பஞ்சு வைத்துக் கட்டியிருந்தார்கள். அது சிவக்கச் சிவக்க மதினி நர்ஸைக் கூப்பிட்டு மாற்றச் சொன்னாள். மூக்கைச் சிந்தக் கூடாது, குனியக் கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும் என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போனார். ஆறிய கஞ்சியை மதினி கரண்டியால் ஊட்டினாள்.

சாயங்காலம் அண்ணன் போன் செய்தார். மதினி என் காதில் வைத்தாள். என் குரல் எனக்கே புரியவில்லை.

"பேசாத, கேட்டுக்க. தலைக்கு ஒசரமா வச்சுப் படு. நாளைக்கு ஒரு நடை மேல போயிட்டு வந்து ஒங்கள அழச்சுக்கிறேன்."

மறுநாள் காலை மதினி எனக்குக் கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தபோது அவள் போன் அடித்தது. ஜீப் ஸ்டாண்டிலிருந்து இன்னொரு டிரைவர். மதினி "ம்" கொட்டிக்கொண்டே கேட்டாள். பிறகு டம்ளரைச் சிந்தாமல் கீழே வைத்துவிட்டுக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"ஒங்கண்ணனுக்கு நெஞ்சுவலியாம். கொண்டு போறதுக்குள்ள..." என்றாள்.

ஜீப்பை எடுக்கப் போனவர் ஸ்டியரிங்கிலேயே சாய்ந்திருக்கிறார்.

மூக்கில் அடைத்ததை மறுநாள் வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று மருத்துவர் அனுப்பிவைத்தார். வாடகைக் காரில் நானும் மதினியும் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். வீரபாண்டி தாண்டும்போது மதினி, "சாப்பிட்டாகளான்னு கேக்கலையே" என்று மட்டும் சொன்னாள்.

அழுகைக்கு மூக்கு எவ்வளவு வேண்டியிருக்கிறது என்பதை அன்றுதான் அறிந்தேன். அழுதால் மூச்சு நின்றது. மூச்சு விட்டால் அழுகை நின்றது. இருந்த ஒரு வாயை வைத்துக்கொண்டு இரண்டையும் செய்ய முடியவில்லை. அண்ணன் வீட்டுக்கு வந்த பெண்கள் ஒவ்வொருவராக என்னைக் கட்டிப்பிடித்து, என் முகத்தைத் தங்கள் தோளில் அழுத்தி அழுதார்கள். மூக்கில் வலி தெறித்தது. திமிறினேன். அண்ணன் சாவில் இவள் என்ன இப்படி விலகுகிறாள் என்பதுபோல ஒருத்தி பார்த்தாள்.

அண்ணன் தலைமாட்டில் தலைவிரி கோலமாய்க் கிடந்த மதினி அதைக் கண்டுவிட்டாள். அழுகையை நிறுத்தி, கையை நீட்டினாள்.

"அவள இறுக்காதீக. மூக்க அடச்சுருக்கு. வாயாலதான் மூச்சு விடுறா."

சொல்லிவிட்டு மறுபடியும் அண்ணன் மேல் விழுந்தாள்.

மறுநாள் கட்டப்பனையிலிருந்து வந்திருந்த என் வீட்டுக்காரர் என்னைத் தேனிக்குக் கூட்டிப்போனார். அடைத்ததை உருவி எடுத்ததும் கண்ணீர் வந்தது. "அவ்வளவுதான்மா, முடிஞ்சுருச்சு" என்றார் மருத்துவர். அப்போதும் என்னால் நிறுத்த முடியவில்லை. அவர் காத்திருந்தார். மூக்கைச் சிந்தாமல் ஒற்றி எடுக்கும்படி துணி கொடுத்தார்.

அதன்பிறகும் கொஞ்ச நாள் உள்ளே வீங்கி அடைத்திருந்தது. உப்புத் தண்ணீர் விட்டுக் கழுவும்போது கறுத்த ரத்தக் கட்டிகள் வந்தன. முன்பல் மரத்துத்தான் போனது. மதினியிடம் சொன்னேன்.

"அவுகளுக்கும் அப்பிடித்தான் இருந்துச்சு. தன்னால சரியாயிரும்" என்றாள்.

கடைசியாகக் காட்டப் போனபோது, வர வேண்டாம் என்று சொல்லியும் கேளாமல் மதினி கிளம்பி வந்தாள். மருத்துவர் விளக்கடித்துப் பார்த்து, தண்டு நேராக நிற்கிறது, புண் ஆறிவிட்டது என்றார். வெளியே வந்தால் மதினியைக் காணவில்லை. நான் படுத்திருந்த வார்டுக்கு எதிரே ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

"நான் வீட்ல இருந்திருந்தா, காலையில வலிக்குதுன்னு எங்கிட்டச் சொல்லியிருப்பாக" என்றாள். என்னைக் குற்றம் சொல்லும் குரல் இல்லை அது.

பக்கத்தில் உட்கார்ந்தேன். வார்டுக்குள் யாருக்கோ சாப்பாடு கொண்டுபோனார்கள். "பஸ்ஸுக்குப் போவமா மதினி" என்று கேட்டேன். தலையாட்டினாள். ஆனால் எழுந்திருக்கவில்லை.