அண்ணி போடாத போன்

என் அண்ணிக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, சிரிப்புதான் வரும். அண்ணனைக் கட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து பார்க்கிறேன், அவள் யாரிடமாவது தேனொழுகப் பேசினால் அந்த ஆள் தொலைந்தார்.

எனக்குக் கல்யாணமாகி அடுத்த தெருவில் தனி வீடு. நாங்கள் இருவரும் மலையில் குடியிருந்து கீழே நகரத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள். எனக்குத் துணிக்கடையில் வேலை. அண்ணிக்குப் பல் செட் செய்யும் பட்டறை. மெழுகில் ஈறு செய்து அதில் ஒவ்வொரு பல்லாக நட வேண்டும். நகரத்தில் பாதிப் பேர் அண்ணியின் கைவேலையால்தான் சிரிக்கிறார்கள் என்று அண்ணன் கேலி செய்வான்.

மழைக்காலத்தில் மலைப்பாதையை எப்போது மூடுவார்கள் என்று சொல்ல முடியாது. மூடுவதற்குள் இறங்கிவிட வேண்டும் என்று முதல் பஸ் சில நாள் முன்னதாகவே கிளம்பிவிடும். அதற்காக எங்களுக்குள் ஓர் ஏற்பாடு உண்டு. டிரைவர் ஒருவருக்குப் போன் போடுவார், அவர் அடுத்தவருக்கு. எனக்கு வந்தால் நான் அண்ணிக்குப் போட வேண்டும். முகம் கொடுத்துப் பேசாத பங்காளிகள்கூட "பஸ் கிளம்புது" என்று மட்டும் சொல்லிவிட்டு வைப்பார்கள். அந்தப் போனை மட்டும் யாரும் நிறுத்தியதில்லை.

அண்ணியின் பட்டறையில் மேற்பார்வையாளருக்குக் கடிகாரம் என்று பட்டப்பெயர். ஒன்பது அடித்ததும் யாராக இருந்தாலும் கேட்டைச் சாத்தச் சொல்லிக் காவலாளிக்கு உத்தரவு போட்டவர். ஒருமுறை மண் சரிந்து, சேற்றில் பாதி மலை நடந்து இறங்கி, அண்ணி கேட்டுக்கு வெளியே நின்றாள். மெழுகு மேசைக்குத் தலைமை யார் என்று முதலாளி முடிவு செய்ய வந்த நாள் அது. "அந்தம்மா எங்க?" என்று முதலாளி கேட்டிருக்கிறார். ஜன்னல் வழியாக அவள் நிற்பதைப் பார்த்துக்கொண்டே, "மலையிலேர்ந்து வர்றவங்க சார், நம்ப முடியாது" என்றாராம் கடிகாரம். பதவி அவருடைய சகலை மகளுக்குப் போனது. நேற்றுவரை அண்ணியிடம் பல் வரிசை கற்றுக்கொண்டிருந்த பெண் அவள்.

அண்ணி அழவில்லை. மறுநாள் கடிகாரத்துக்குச் சிரித்த முகமாக வணக்கம் வைத்தாள்.

அடுத்த வருஷம், மனைவியின் மூச்சுத் திணறலுக்கு நல்ல காற்று வேண்டும் என்று கடிகாரம் எங்கள் ஊருக்கே குடிவந்தார். "எனக்கும் ஒரு போன் போட்டுடுங்கம்மா" என்று அண்ணியிடம்தான் கேட்டார். அண்ணி போட்டாள். துண்டு போட்டு அவருக்கு ஜன்னலோர இடமும் பிடித்துவைத்தாள். வளைவுகளில் அவருக்குக் குமட்டினால் எலுமிச்சம்பழம் கொடுத்தாள். "தங்கமான பொண்ணு" என்று அவர் என்னிடமே சொன்னார். பாவி மனுஷன்.

புதுக்கிளைக்கு மேலாளரைத் தேர்ந்தெடுக்க முதலாளி வருகிற நாள் வந்தது. பதவி கடிகாரத்துக்குத்தான் என்று பட்டறை முழுக்கப் பேச்சு. அன்று விடியும்போது நல்ல மழை. எனக்குப் போன் வந்தது, அண்ணிக்குச் சொன்னேன். பஸ்ஸில் ஜன்னலோர இடம் காலியாக இருந்தது. அண்ணி துண்டை எடுத்து மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

ஒன்பது தாண்டிக் கடிகாரம் வந்துசேர்ந்தபோது, அவர் போட்ட உத்தரவுப்படியே கேட் சாத்தியிருந்தது. தொப்பலாக நனைந்துபோய் அவர் கம்பியைத் தட்டியதை அண்ணி ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறாள். உள்ளே முதலாளி, "எங்கம்மா அவர்?" என்று கேட்டிருக்கிறார்.

"மலையிலேர்ந்து வர்றவங்க சார், நம்ப முடியாது."

பதவி வேறு யாருக்கோ போனது. சாயங்காலம் பஸ் நிலையத்தில் இதைச் சொல்லும்போது அண்ணிக்குக் கண்ணில் தண்ணீர் வருமளவுக்குச் சிரிப்பு. எனக்கும் நெஞ்சு குளிர்ந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

ஆனால் பஸ் ஏறியதும் கடிகாரம் எல்லோரிடமும் கேட்டார்: "காலையில எனக்கு மட்டும் ஏன் போன் வரல?" பஸ்ஸே அண்ணியைத் திரும்பிப் பார்த்தது. டிரைவர் என்னைக் கூப்பிட்டு, "இனிமே அவருக்கும் நீயே போட்டுடும்மா" என்றார்.

அடுத்த மழை நாளில் முதலில் அண்ணிக்குத்தான் போட்டேன்.

"அந்தாளுக்குப் போட்டுட்டியா?"

"இனிமேதான் அண்ணி."

"போடாத. ஒரு நாள் நின்னா போதுமா? அவன் எனக்குப் பண்ணது ஒரு நாளோட போச்சா?"

"அண்ணி, இது நம்ம போன் இல்ல. இன்னிக்கு அவருக்கு நின்னா நாளைக்கு எனக்கு நிக்கும்."

"நீ எனக்கு நாத்தனாரா, அவனுக்கா?"

வைத்துவிட்டாள். எனக்கு ஆத்திரமாக வந்தது. அவள் பகையில் நான் ஏன் பங்கு எடுக்க வேண்டும்? கடிகாரத்துக்குப் போட்டேன். அரக்கப் பரக்க ஓடிவந்து ஏறினார். அண்ணி அவரையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். ஒரு வாரம் பேச்சே இல்லை. திட்டித் தீர்த்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

இன்று காலை நான் பஸ் ஏறியபோது கூட்டம் நெரிந்தது. ஜன்னலோரத்தில் அண்ணியின் துண்டு விரித்திருந்தது.

"வாடா கண்ணு, உனக்குத்தான் இடம் பிடிச்சேன்" என்றாள் அண்ணி, வாயெல்லாம் பல்லாக.