எண்ணூரிலிருந்து வந்த பொம்மை

சின்ன வயதில் எனக்குக் கிடைத்த கிறிஸ்துமஸ் பரிசுகளை இன்றைக்கும் வரிசை தப்பாமல் சொல்வேன். தகரத்தில் செய்த தேநீர்க் கோப்பைகள். சாவி கொடுத்தால் தத்தித் தத்திப் போகும் வாத்து. சிவப்பு ரிப்பன் இரண்டு கெஜம். சுண்டுவிரல் நீளத்தில் ஒரு மவுத் ஆர்கன். அதை ஊதி ஊதியே ராயபுரத்தில் எங்கள் சந்து முழுவதன் வசவையும் வாங்கிக் கட்டிக்கொண்டேன். இவற்றை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வரும். கண் மூடித் திறக்கும் பொம்மையிடம் வரும்போது மட்டும் பேச்சை மாற்றிவிடுவேன். அது எனக்கு வந்த பரிசு இல்லை. என் தங்கைக்கு வந்தது.

எங்களுக்குப் பரிசு கொடுப்பது அப்பா அம்மா இல்லை. அப்பா ஹார்பரில் கிரேன் ஓட்டினார். புதுத் துணி எடுத்துத் தருவதோடு அவருடைய கிறிஸ்துமஸ் முடிந்துவிடும். பரிசு கொடுப்பவள் ஞானத்தாய், அதாவது ஞானஸ்நானத்தின்போது பிள்ளையைக் கையில் ஏந்தி நின்றவள். பண்டிகைக்கு முன்னால் அவள் ஏதாவது கொண்டுவந்து தருவாள். பண்டிகையன்று மத்தியானம் அந்தப் பிள்ளை அதிரசம், முறுக்கு, கல்கலா எல்லாம் அடுக்கிய தட்டை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போய், முழந்தாளிட்டு ஆசீர்வாதம் வாங்கிவர வேண்டும். தட்டு போகவில்லையென்றால் உறவு வேண்டாம் என்று அர்த்தம். இதை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், எல்லாருக்கும் தெரியும்.

என் ஞானத்தாய் அரக்கோணத்தில் இருந்தாள். புருஷன் ரயில்வேயில் நல்ல வேலை. ரயிலில் வருகிறவர்கள் யார் கையிலாவது எனக்குப் பரிசு கொடுத்தனுப்புவாள். என் தட்டும் அதே வழியில் திரும்பிப் போகும். தங்கையின் ஞானத்தாய் கல்மண்டபம் பக்கத்தில் ஒற்றை அறையில் தனியாக இருந்த விதவை. எண்ணூரில் ஒரு துரை வீட்டில் ஆயா வேலை. எனக்கு வாத்து வந்த வருஷம் தங்கைக்குக் கண்ணாடி வளையல் வந்தது. எனக்கு மவுத் ஆர்கன், அவளுக்கு மறுபடியும் வளையல். இதுதான் உலக நியாயம் என்றே நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்த சமயம் அது. எனக்குப் பதினொன்று, தங்கைக்கு ஆறு. பண்டிகைக்கு முதல் நாள் காலையில் அம்மா தங்கையைக் கூட்டிக்கொண்டு மாவு மில்லுக்குப் போயிருந்தாள். தங்கையின் ஞானத்தாய் வேர்க்க விறுவிறுக்க வந்து நின்றாள். கையில் துண்டில் சுற்றிய ஏதோ ஒன்று.

"இன்னா பாப்பா, அம்மா இல்லியா? நிக்க நேரமில்ல கண்ணு. தொர வூட்ல இன்னிக்கே எல்லாத்தையும் கட்டிக் கப்பலுக்கு அனுப்பணும். காசு தரேன்னு சொன்னாங்க, வாணாம்மா, இத்தக் குடுங்கன்னு கேட்டு வாங்கியாந்தேன். தங்கச்சிகிட்ட குடுத்துடு. நாளிக்கு தட்டு எடுத்துகினு வரச் சொல்லு, நான் வூட்லதான் இருப்பேன்."

அவள் தலை மறைந்ததும் துண்டைப் பிரித்தேன். நீலச் சட்டை, மஞ்சள் முடி. சட்டைக் கையில் ஒரு கிழிசலை யாரோ பொடித் தையலாகத் தைத்திருந்தார்கள். படுக்க வைத்தால் கண் மூடியது, நிமிர்த்தினால் திறந்தது. அப்படி ஒன்றை நான் கடை ஜன்னலில்கூடப் பார்த்ததில்லை. வயிறு எரிந்தது. வளையலே கதியென்று இருந்த தங்கைக்கு இதா என்று இருந்தது.

அம்மா திரும்பி வந்தபோது பொம்மை என் மடியில் இருந்தது. "அரக்கோணத்துலருந்து ஒரு ஆள் வந்து குடுத்துட்டுப் போனாரு" என்றேன். நாக்கு கொஞ்சமும் குழறவில்லை. தங்கை அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். தூக்கிப் பார்க்கட்டுமா என்று கேட்டாள். பத்து எண்ணும் வரைக்கும் என்று கொடுத்தேன், அதையும் வேகமாக எண்ணினேன்.

தங்கையின் ஞானத்தாய் வருவாள் என்று சாயந்திரம்வரை அம்மா வாசலைப் பார்த்தாள். மறுநாள் பூசை முடிந்து வந்ததும் தட்டுகளை அடுக்கினாள். கல்மண்டபத்துத் தட்டை மட்டும் எடுக்கவில்லை. "ஏழைன்னா இன்னா? ஒரு முழம் ரிப்பன் வாங்கியாரக் கூடாதா? எட்டிக்கூடப் பாக்கல. எம் பொண்ணு வோணான்னா எங்களுக்கும் வோணாம்" என்றாள். அவளுக்குக் கண் கலங்கியிருந்தது. அப்போதாவது நான் சொல்லியிருக்கலாம். பொம்மையைப் பிடுங்கிக்கொள்வார்கள், முதுகில் நாலு விழும், அவ்வளவுதான். சொல்லவில்லை. கல்மண்டபத்தில் ஒருத்தி புதுப் பாய் விரித்துக் காத்துக்கொண்டிருப்பாள் என்று தெரிந்தே பேசாமல் இருந்தேன்.

என் ஞானத்தாயின் உண்மையான பரிசு ஜனவரியில் வந்தது, ஒரு பாவாடைத் துணி. "ரெண்டு தபா குடுத்திருக்கா பாரு, மனசுன்னா அது" என்று அம்மா பூரித்துப்போனாள். அம்மாவுக்கு எழுதத் தெரியாது. அவள் சொல்லச் சொல்ல நன்றிக் கடிதம் எழுதியது நான்தான். பொம்மையை விட்டுவிட்டு, துணிக்கு மட்டும் நன்றி எழுதினேன்.

இதோடு நின்றிருந்தால் பிள்ளைத்தனம் என்று என்னை நானே மன்னித்திருப்பேன். ஆனால் அந்த மாதமே ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயில் வாசலில் தங்கையின் ஞானத்தாய் என்னைத் தனியாகப் பிடித்துக்கொண்டாள். அம்மாவும் தங்கையும் முன்னால் போய்விட்டார்கள். அவள் குரல் கீழே இறங்கிவிட்டது.

"பாப்பா, பழசக் குடுத்தேன்னு அம்மா கோவிச்சுக்கிச்சா? தொர வூட்டுக் கொழந்த வெளையாண்டதுதான். ஆனா நான் தொவச்சு, தச்சு, சுத்தமாதான் கொண்டாந்தேன்."

எனக்கு வேண்டிய பொய்யை அவளே எடுத்துக் கையில் கொடுத்துவிட்டாள்.

"ஆமா" என்றேன்.

அவள் என் கன்னத்தைத் தட்டிவிட்டு, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டுப் படி ஏறவே இல்லை. சாமியாரிடம் பாவத்தை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்தில் "பொய் சொன்னேன், மூணு தடவை" என்று மட்டும் சொன்னேன். சாமியார் மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார். பொய் ஒன்றுக்கு ஒன்று. மலிவாகத் தப்பித்தோம் என்று வீட்டுக்கு ஓடிவந்தேன், வெட்கமில்லாமல்.

பொம்மையோடு நான் அதிகம் விளையாடவில்லை. படுக்க வைத்தால் அது கண் மூடுவதைப் பார்க்கப் பிடிக்காமல் பீரோ மேல் உட்கார வைத்தேன். பிறகு ஒரு மழைக்காலத்தில் அதன் முடி உதிர்ந்து, கண் உள்ளே விழுந்துவிட்டது.

பத்து வருஷம் கழிந்தது. தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. எங்களில் மணப்பெண் கோயிலுக்குக் கிளம்பும் முன் ஞானத்தாய் அவள் நெற்றியில் சிலுவை போட்டு அனுப்ப வேண்டும். தங்கையின் ஞானத்தாய் செத்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. எங்களுக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை, பங்குக் கோயிலில் பேசிக்கொண்டதைக் கேட்டுத்தான் தெரியும். அடக்கத்துக்கு அம்மா போகவில்லை. நானும் போகவில்லை. "அந்த எடத்துல உங்க சித்தி நிக்கட்டும், இருந்திருந்தாலும் அந்தம்மா இன்னா செஞ்சிடப் போவுது" என்று அம்மா சொன்னபோது என்னால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. தங்கையை மொட்டை மாடிக்குக் கூட்டிப்போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அடிப்பாள், அழுவாள் என்று நினைத்தேன். அவள் ஹார்பர் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"பொம்ம கெடக்குதுக்கா" என்றாள். "நான் அவங்கள கோயில்ல பாக்கசொல்ல மூஞ்சத் திருப்பிக்கினு போவேன். பெரியவளானதுக்கு அப்பறமும். ஒரு தபா என் கையப் புடிச்சாங்க, ஒதறிட்டு வந்தேன். அதுக்கு இன்னா பண்ணுவ நீ?"

அவளே மறுபடியும் கேட்டாள்.

"எங்க அடக்கம் பண்ணாங்க?"

"காசிமேட்டுக் கல்லறையிலதான் இருக்கும். எந்த எடம்னு தெரியாது."

"யாரக் கேக்கறது?"

செத்தவளுக்குப் பிள்ளை குட்டி கிடையாது. சொந்தம் என்று சொல்ல இந்த ஊரில் அவளுக்கு இருந்தது ஒரே ஒரு ஞானப்பிள்ளை. அந்தப் பிள்ளைதான் என்னைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.