வெறும் வயிறு

வசந்தாமணி யாரையும் லேசில் நம்பமாட்டாள். பஸ் கண்டக்டர் சிரித்துக்கொண்டே டிக்கெட் கொடுத்தால் அதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். பக்கத்து வீட்டில் பாயசம் கொடுத்தனுப்பினால் என்ன காரியத்துக்கு அடிபோடுகிறார்கள் என்று யோசிப்பாள். இந்த மனுஷியோடு எப்படித்தான் குடும்பம் நடத்துகிறாரோ என்று அவள் புருஷன் மேல் ஊருக்கே பரிதாபம் உண்டு. ஆனால் திருச்செங்கோட்டில், சங்ககிரி ரோட்டில் இருக்கிற சின்ன நாய் ஆஸ்பத்திரியில் மட்டும் அவளுடைய சந்தேகத்துக்குத் தனி மரியாதை.

குமாரபாளையத்தில் தறிப்பட்டறை ஒன்றில் நாடாவுக்கு நூல்தார் சுற்றிக்கொண்டிருந்தவள், பட்டறையை மூடியதும் இங்கே உதவியாளாகச் சேர்ந்தாள். பதினொரு வருஷம் ஆகிறது. கூட்டுவாள், துடைப்பாள், நாயைப் பிடித்துக்கொள்வாள். அதையெல்லாம் யார் வேண்டுமானாலும் செய்வார்கள். ஆபரேஷனுக்கு வருகிற நாயின் வாயை மோந்து பார்ப்பதுதான் அவளுடைய தனி வேலை.

மயக்க ஊசி போடும்போது வயிறு காலியாக இருக்க வேண்டும். உள்ளே ஏதாவது கிடந்தால் மயக்கத்தில் மேலே வரும். மயங்கிக் கிடக்கிற நாயால் விழுங்கவும் முடியாது, துப்பவும் முடியாது. வந்தது நேராக நுரையீரலுக்குள் இறங்கிவிடும். அதனால் முதல் நாள் ராத்திரியோடு சாப்பாட்டை நிறுத்திவிடுங்கள் என்று டாக்டர் தீனதயாளன் ஒவ்வொருத்தரிடமும் படித்துப் படித்துச் சொல்வார். எல்லாரும் மண்டையை மண்டையை ஆட்டுவார்கள். வீட்டுக்குப் போனதும் பாசம் பொங்கிவிடும். காலையில் எதையாவது ஊட்டிவிட்டு, ஒன்றும் தெரியாத பிள்ளைகள் மாதிரி வந்து நிற்பார்கள்.

"ஒண்ணுமே குடுக்கலீங்க" என்பார்கள். வசந்தாமணி நாயின் வாயை மோந்து, மீசையை விரலால் தடவுவாள். பிசுபிசுத்தால் பால். பல்லிடுக்கைப் பார்ப்பாள். அதிலும் சிக்கவில்லை என்றால் கேள்வியை மாற்றிக் கேட்பாள். ஒரு தடவை ஒரு அம்மா, "பிஸ்கட்டெல்லாம் சாப்பாடுங்களா? அது சும்மா தீனிதானுங்க்கா" என்று சொல்லிவிட்டு இவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

வசந்தாமணி "வயிறு காலிங்க சார்" என்று சொன்னால்தான் தீனதயாளன் ஊசியைக் கையில் எடுப்பார். அதற்குமேல் அவர் கேட்டதே இல்லை. அவளை அப்படி நம்பினார். தன்னைத்தான் நம்பமாட்டார். மருந்தை உறிஞ்சி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து மூன்று தடவை அளவு பார்ப்பார். அவள் சேர்ந்த புதிதில், ஒரு வாத்தியார் வீட்டு லாப்ரடார், கல்லுக்குண்டு மாதிரி இருந்த நாய், கருத்தடை ஆபரேஷனுக்கு வந்து மேசையிலேயே செத்துப்போனது. "என்ற கைதானுங்க. மருந்து கொஞ்சம் கூடிப்போச்சு" என்று யாரும் கேட்காமலே சொல்வார். அந்தப் பேச்சு வந்தால் வசந்தாமணிக்கு அடுத்த அறையில் ஏதாவது வேலை வந்துவிடும்.

போன ஆவணியில் ஒரு காலை செங்கோட்டையன் வந்தார். போர்வெல் போடுகிற ரிக் வண்டி டிரைவர். ஆந்திரா, சத்தீஸ்கர் என்று அவர் போர் போடப் போன இடத்துக்கெல்லாம் கூடவே லாரியில் சுற்றிய நாட்டு நாய் ரோசி, அவர் தோளில் துணி மாதிரி தொங்கியது. கர்ப்பப்பையில் சீழ் கட்டியிருந்தது. அதை எடுத்தே ஆக வேண்டும் என்று முந்தின நாளே டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார்.

"ஏனுங், ஏதாச்சும் குடுத்தீங்களா?"

"இல்லீங்க்கா. மூணு நாளா அது எதையுமே திங்கறதில்லீங்க. மலை மேல இருக்கற சாமி சத்தியமா."

சத்தியம் என்றதுமே அவளுக்குச் சந்தேகம் இரட்டிப்பானது. வாயை மோந்தாள். நோய் நாற்றம்தான். மீசையும் காய்ந்திருந்தது. காலி என்று சொல்ல வாயெடுத்தவள் நாயின் நெற்றியைப் பார்த்தாள். மயிருக்குள் திருநீறு ஒட்டியிருந்தது.

"மலைக்குப் போயிட்டா வாரீங்க?"

"ஆமாங்க. நடை தொறந்ததுமே போய் வேண்டிக்கிட்டு வந்தனுங்க."

"பிரசாதம் குடுத்தாங்களா?"

"குடுத்தாங்க. பொங்கலு."

"அதுல இதுக்கு எவ்வளவு குடுத்தீங்க?"

செங்கோட்டையன் விழித்தார். "ரெண்டு உருண்டைங்க. மூணு நாளைக்கு அப்பறம் அதைத்தானுங்க்கா என்ற கையில நக்குச்சு. பிரசாதம் எப்படிங்க சாப்பாட்டுல சேரும்?"

வசந்தாமணிக்கு வந்த ஆத்திரத்தில் அவரை நான்கு கேள்வி கேட்டிருப்பாள். அதற்கு நேரமில்லை. உள்ளே ஓடிச் சொன்னாள். சாயங்காலம் வரை தள்ளிப் போடலாம் என்றால், வயிறு உப்பிக்கொண்டிருந்தது. பை உள்ளேயே உடைந்தால் அதோடு முடிந்தது. இப்போதே செய்துவிடலாம் என்றார் தீனதயாளன். ஆனால் ஏற்பாட்டை மாற்றினார். உறிஞ்சும் கருவியைப் பக்கத்தில் ஓடவிட்டார். ஊசி இறங்கியதும் ஒரு நொடி தாமதிக்காமல் மூச்சுக்குழாயில் டியூப் போய்விட வேண்டும். வசந்தாமணி தலையைத் தூக்கிப் பிடித்து, துணியால் நாக்கை இழுத்துக்கொண்டாள். டியூப் இறங்கியது, அதைச் சுற்றியிருந்த பலூனில் காற்றடைத்து வழியை மூடினார். மூடி அரை நிமிஷம்கூட ஆகவில்லை, மஞ்சளாகப் பொங்கல் குபுக்கென்று வாய்க்கு வந்தது. தலையைத் தாழ்த்தி உறிஞ்சி எடுத்தார்கள். நுரையீரலுக்குள் ஒரு பருக்கை போகவில்லை. ஒன்றரை மணி நேரத்தில் சீழ்ப்பை வெளியே வந்தது, ரோசியின் மூச்சு சீராக ஓடியது.

வெளியே வந்து விஷயத்தைச் சொன்னபோது அந்த ஆறடி மனுஷன் தரையில் உட்கார்ந்துவிட்டார். காத்திருந்தவர்கள் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "நானே கொல்லப் பார்த்தனேங்க. என்ற கையாலேயே குடுத்தனேங்க" என்று அழுதார். வசந்தாமணிக்கு அந்த இடத்தில் நிற்க முடியவில்லை. அவர் இரண்டு நிமிஷத்தில் ஒப்புக்கொண்டுவிட்டார்.

உள்ளே தீனதயாளன் கை கழுவிக்கொண்டிருந்தார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். "அக்கா, நீங்க இல்லீன்னா இன்னைக்கு இது போயிருக்கும். மனுஷங்க பொய் சொல்றது உங்களுக்கு மட்டும் எப்படித்தான் தெரியுதோ."

"நானும் சொல்லியிருக்கறனுங்க சார்."

"என்னன்னு?"

"ஒண்ணும் குடுக்கலீங்கன்னு. அந்த வாத்தியாரூட்டு நாய்க்கு."

அவர் திரும்பினார். வசந்தாமணி சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். முந்தின நாளே அந்த நாயைக் கொண்டுவந்து விட்டிருந்தார்கள். காலையில் அவள் கூட்ட வந்தபோது கூண்டுக்குள்ளிருந்து காலை நீட்டி நீட்டிக் கூப்பிட்டது. டீயோடு சாப்பிட வைத்திருந்த பன்னில் பாதியைக் கொடுத்தாள். அவர் கேட்டபோது, சேர்ந்து ஒரு மாசத்தில் வேலை போய்விடுமே என்ற பயத்தில் இல்லை என்றாள்.

"வாயில ஒண்ணும் வரலையே அக்கா. நான் பார்த்தனே."

"வந்துச்சுங்க. நீங்க நெஞ்சை அமுக்கிட்டு இருந்தீங்க. நான் துணியில தொடச்சுப் போட்டுட்டனுங்க."

தீனதயாளன் குழாயை மூடினார். கையைத் துடைக்கத் துண்டை எடுத்தவர் துடைக்காமலே நின்றார்.

"வாத்தியார்கிட்ட என்ற கைத்தப்புன்னு சொன்னேன். அவரு கால்ல விழாத குறை."

"தெரியுங்க. நானும் பக்கத்துலதான் நின்னுட்டிருந்தேன்."

அவள் இதுநாள்வரை பார்த்த கோபம் எதுவும் அவர் முகத்தில் இல்லை. அதுதான் அவளைக் கலக்கியது. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. கையைத் துடைத்து, துண்டைக் கொடியில் போட்டார்.

"நாளைக்கு ரெண்டு ஆபரேஷன் இருக்குது. நேரத்தோட வந்துருங்க."

வேலையை விட்டு நிறுத்தவில்லை. அவளுக்கு மூச்சு வந்தது.

"நாயிங்க வாயை இனி நானே பார்த்துக்கறேன்" என்றார் அவர். "நீங்க பார்க்க வேண்டாங்க்கா."

"சரிங்க" என்றாள். ரோசியின் பக்கத்தில் போய் உட்கார்ந்து மூச்சை எண்ண ஆரம்பித்தாள். அவர் மேல் வருத்தப்பட அவளிடம் ஒன்றும் இல்லை. அவர் இடத்தில் இருந்திருந்தால் அவளும் வசந்தாமணியை நம்பியிருக்க மாட்டாள்.