நான் வீட்டிலிருந்த முதல் மழைக்காலம்

ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று வந்த முதல் வாரம், தெருவில் எதிர்ப்பட்டவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "என்ன அண்ணாச்சி, லீவா? எப்பம் போறீய?" இத்தனை வருடமும் அந்தக் கேள்விக்குச் சொல்ல என்னிடம் ஒரு தேதி இருந்தது. இப்போது, "இனிமே போகல, வந்தாச்சு" என்றேன். சொல்லும்போது கொஞ்சம் பெருமையாக இருந்தது. சொல்லி முடித்ததும் கேட்டவருக்கும் எனக்கும் மேற்கொண்டு என்ன பேசுவதென்று தெரியவில்லை.

ராணுவத்தில் நான் லாரி ஓட்டினேன். பெரும்பாலும் வடக்கே, மலைப்பாதைகளில். அரிசி, கோதுமை, மண்ணெண்ணெய், சிமெண்ட், சில சமயம் ஆட்கள். பனிக்காலத்தில் சக்கரங்களுக்குச் சங்கிலி மாட்டிக்கொண்டு ஒன்றன்பின் ஒன்றாகப் போவோம். முன்னால் போகிற வண்டியின் பின்விளக்கைப் பார்த்துக்கொண்டே என் வாலிபம் போய்விட்டது.

மாப்பிள்ளையூரணியில் இருக்கும் எங்கள் வீட்டை என் மனைவிதான் நின்று கட்டினாள். அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டும்போது நான் இல்லை, கான்கிரீட் போடும்போதும் இல்லை. பால் காய்ச்சும் நாளுக்கு மட்டும் லீவு கிடைத்தது. அதனால் எந்த ஸ்விட்சைத் தட்டினால் எந்த விளக்கு எரியும் என்பது எனக்குப் பிடிபடவே இல்லை. குளியலறை விளக்கைப் போடப்போய் வாசல் விளக்கைப் போடுவேன். ப்ளஸ் ஒன் படிக்கும் என் மகள் உள்ளேயிருந்து, "அதுக்கு அடுத்தது, ப்பா" என்பாள், புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலே.

மனைவி, மீன் ஏற்றுமதி செய்யும் கம்பெனி ஒன்றில் பேக்கிங் பிரிவைப் பார்த்துக்கொள்கிறாள். காலையில் மகளை ஸ்கூட்டரில் பள்ளியில் இறக்கிவிட்டு வேலைக்குப் போனால் சாயங்காலம்தான் வருவாள். முதல் மாதம் எனக்கு லீவு மாதிரியே கழிந்தது. தூங்கினேன், ஊளி மீன் குழம்பு சாப்பிட்டேன், சொந்தக்காரர்கள் வீட்டுக்குப் போய்வந்தேன். இரண்டாவது மாதம் கை சும்மா இருக்க மறுத்தது.

அடுக்களையில் இருந்த டப்பாக்களையெல்லாம் இறக்கித் துடைத்து, பெரியது கீழே, சின்னது மேலே என்று அளவுப்படி அடுக்கிவைத்தேன். அன்று சாயங்காலம் மனைவி எண்ணெயைக் காயவைத்துவிட்டுக் கடுகுக்குக் கை நீட்டினாள். கைக்குக் காப்பித்தூள் வந்தது. அடுப்பை அணைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"நான் கண்ண மூடிக்கிட்டு எடுப்பேன். இப்பம் கண்ணத் தொறந்து தேடுனாலும் கிடைக்க மாட்டேங்குது."

கோபமாகச் சொல்லவில்லை. டப்பாக்களைப் பழைய இடத்தில் வைத்த பிறகுதான் திரும்ப அடுப்பைப் பற்றவைத்தாள். அதோடு நான் நிறுத்தியிருக்கலாம். ஆனால் மகளைக் காலை ஐந்து மணிக்கு எழுப்பினேன். போர்வையை எப்படி மடிக்க வேண்டும் என்று காட்டிக்கொடுத்தேன். செருப்புகளை வாசலில் ஒரே கோட்டில் வைத்தேன். ஒருநாள் நான் பின்பக்கம் துணி அலசிக்கொண்டிருந்தபோது ஜன்னல் வழியாக அவள் குரல் கேட்டது.

"யம்மா, அப்பா எப்பம் போவாவ?"

பிறகு அவளே, "ஓ, இனிமே போக மாட்டாவல்லா" என்றாள். அந்தக் குரலில் வெறுப்பு இருந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். நீளமான கணக்கு ஒன்றைப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விடுகிறவளைப் போலத்தான் சொன்னாள். நான் குழாயைப் பெரிதாகத் திறந்துவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் மனைவியும் மீன் வாங்கக் கிளம்பினோம். அவள் ஓட்டினாள், நான் பின்னால் உட்கார்ந்தேன். பைபாஸில் கண்டெய்னர் லாரிகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. என் வாய் சும்மா இருக்கவில்லை. "இடது பக்கம் ஒதுங்கு. வேகத்தக் குற. இண்டிகேட்டர் போடு." உப்பளத்துக்குப் பக்கத்தில் அவள் வண்டியை ஓரங்கட்டினாள்.

"நீங்க ஓட்டுதீயளா?"

"இல்ல, நீயே ஓட்டு. நல்லாத்தான ஓட்டுத."

"அப்பம் பேசாம வாங்க."

ஆனாலும் வண்டியைக் கிளப்பவில்லை. உப்பைக் குவித்துக்கொண்டிருந்தவர்களைப் பார்த்தபடி சொன்னாள்.

"நீங்க மட்டும் ரிட்டயர்டு ஆகி வரல. நானும் ஒரு வேலைல இருந்தேன். தனியா இருக்கது ஒரு வேலைதான். உங்கள ரயில் ஏத்திவிட்டுட்டு வந்து, மறுநாள் விட்ட எடத்துலருந்து தொடங்குவேன். இப்பம் அது இல்லாம எப்படி இருக்கணும்னு எனக்கும்தான் தெரியல."

"சரி" என்று மட்டும் சொன்னேன். மார்க்கெட் வரும்வரை வாயைத் திறக்கவில்லை. அதுவே எனக்குப் பெரிய வேலையாக இருந்தது.

அடுத்த மாதம் துறைமுகத்துக்குக் கண்டெய்னர் ஏற்றும் டிரெய்லரில் வேலைக்குச் சேர்ந்தேன். வண்டி எனக்குப் புதிதல்ல, காத்திருப்பதுதான் புதிது. மலையில் வரிசை நின்றால் ஒரு காரணம் இருக்கும். மண் சரிந்திருக்கும், அல்லது மேலிருந்து உத்தரவு வந்திருக்கும். துறைமுக வாசலில் வரிசை ஏன் நிற்கிறதென்று யாரும் சொல்லவுமில்லை, யாரும் கேட்கவுமில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி விறைப்பாக உட்கார்ந்திருந்த என்னை, பக்கத்துப் புதுக்கோட்டையிலிருந்து வரும் ஒரு மூத்த டிரைவர் ஜன்னலைத் தட்டிக் கூப்பிட்டார். "ஏலே மிலிட்டரி, எறங்கி வா. டீ குடிச்சா வரிசை ஒண்ணும் கோவிச்சுக்காது." இறங்கிப் போனேன். சில வாரங்களில் எனக்கும் அது பழகிவிட்டது. வீட்டுக்குப் போனாலும் விறைப்பு கொஞ்சம் குறைந்திருந்தது என்று நினைக்கிறேன். மகள் ஆறு மணிவரை தூங்கினாள்.

ஐப்பசி கடைசியில் மழை பிடித்தது. எனக்கு எப்போதும் பள்ளி விடுமுறையை ஒட்டிக் கோடையில்தான் லீவு கிடைக்கும். அதனால் இந்த வீட்டில் ஒரு மழைக்காலத்தைக்கூட நான் பார்த்ததில்லை. விடாமல் பெய்து, மறுநாள் காலையில் தெருவில் தண்ணீர் நின்றது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே வாசல் படியில் ஏறியது. பள்ளிக்கு விடுமுறை விட்டிருந்தார்கள், துறைமுகத்திலும் வண்டிகள் ஓடவில்லை. மனைவி கம்பெனிக்கு போன் செய்து வரவில்லை என்று சொன்னாள். பிறகு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மகளைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். மகள் பின்பக்கம் ஓடிச் செங்கற்களைத் தூக்கி வந்தாள். கட்டடம் கட்டியபோது மிச்சப்பட்டவை என்று நான் நினைத்திருந்த செங்கற்கள்.

நான் அதிகாரமாகத் தொடங்கினேன். "மொதல்ல மெயின் ஸ்விட்ச..."

"ஆஃப் பண்ணியாச்சு, ப்பா. நீங்க ஃபிரிட்ஜுக்கு அந்தப் பக்கம் வாங்க. நான் மூணு சொன்னதும் சாய்க்கணும். அதுக்கு முன்னால சாய்ச்சிராதீங்க."

சொன்ன இடத்தில் போய் நின்றேன். அவள் எண்ணினாள். சாய்த்தேன். மனைவி செங்கல்லை உள்ளே தள்ளினாள். மறுபக்கமும் அதேபோல. அடுத்து வாஷிங் மெஷின். அரிசி டிரம் கட்டிலுக்கு ஏறியது, கேஸ் சிலிண்டர் மாடிப்படிக்குப் போனது. அம்மாவும் மகளும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. ஒருத்தி கை நீட்டினால் மற்றவள் எடுத்துக்கொடுத்தாள். என் யூனிட்டில் நல்ல வண்டிக்காரர்கள் இரண்டு பேர் சேர்ந்து டயர் மாற்றுவதைப் பார்ப்பது போலிருந்தது.

வேலை முடியும்போது வீட்டுக்குள் கணுக்கால் அளவு தண்ணீர். மொட்டைமாடிப் படிக்கட்டின் மேலே, கூரை இருக்கும் இடத்தில் அடுப்பை வைத்துப் பால் இல்லாமல் கட்டன்சாயா போட்டாள் மனைவி. மூன்று பேரும் படிகளில் உட்கார்ந்தோம்.

"இது எத்தன வருசமா நடக்கு?"

"இங்கன குடிவந்த வருசத்துலருந்து. எல்லா வருசமும் வராது. வந்தா இப்படித்தான்."

"எங்கிட்ட சொன்னதே இல்லையே. போன்ல கேட்டா, மழை நல்லாப் பெய்யுதுன்னுதான சொல்லுவ?"

"பெய்யத்தான செஞ்சுது" என்றாள். பிறகு டம்ளரைப் பார்த்துக்கொண்டு, "மலைமேல வண்டி ஓட்டுத ஆளு இதையும் நெனச்சுக்கிட்டு ஓட்டணுமாக்கும்" என்றாள்.

அப்போதுதான் நான் அதுவரை வீட்டில் சொல்லாத ஒன்றைச் சொன்னேன். மகள் ஆறாம் வகுப்பில் சேர்ந்த வாரம், நான் போய்க்கொண்டிருந்த பாதை சரிந்து, என் வண்டியின் பின்சக்கரம் அந்தரத்தில் நின்றது. கூட இருந்தவனும் நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு மலைப்பக்கக் கதவு வழியாக ஊர்ந்து வெளியே வந்தோம். அன்று சாயங்காலம் வீட்டுக்கு போன் செய்தேன்.

மனைவி என் முகத்தைப் பார்த்தாள். "அன்னைக்கு இவளுக்கு யூனிபாரம் தச்சாச்சான்னு கேட்டீய."

"ஆமா."

"நான் இந்த மனுசனுக்கு வேற கவலையே இல்லன்னு நெனச்சேன்."

அவள் கண் கலங்கியது. என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். மகள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ரெண்டு பேரும் சரியான ஆளுங்கதான்" என்றாள். பிறகு என் பக்கம் நகர்ந்து, "அந்த வண்டிய எப்படிப்பா மேல தூக்குனாங்க?" என்று கேட்டாள். கயிறு எங்கே கட்டினோம், எத்தனை பேர் இழுத்தோம் என்று படியில் விரலால் வரைந்து காட்டினேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் வந்த இத்தனை மாதத்தில் அவ்வளவு நேரம் நாங்கள் பேசியதில்லை.

தண்ணீர் வடிந்து, சேற்றைக் கழுவித் தள்ளி, வீடு காய இரண்டு வாரமாகிவிட்டது. தை பிறந்ததும் ஃபிரிட்ஜுக்கு நிரந்தரமாக ஒரு மேடை கட்டிவிடலாம் என்று கொத்தனாரைக் கூப்பிட்டோம். நான் ஓரடி போதும் என்றேன். மனைவி இரண்டடி வேண்டும் என்றாள். கொத்தனார் என்னைப் பார்த்தார். "அவ சொல்லுதபடி கட்டுங்க, தண்ணி வந்த அளவு அவளுக்குத்தான் தெரியும்" என்றேன். இரண்டடிக்கே கட்டினார். இப்போது ஃபிரீசர் அவளுக்கு எட்டவில்லை. மீன் எடுக்க ஸ்டூல் போட்டு ஏற வேண்டியிருக்கிறது. நான் வீட்டில் இருந்தால் என்னைக் கூப்பிடுகிறாள்.