பத்தொன்பது கடிதங்களில் ஒரே பிழை

"இந்தப் பொண்ணுக்குப் படிப்பு ஏறாதும்மா. நீங்களா கூட்டிட்டுப் போறதா எழுதிக் குடுத்துடுங்க. அதுதான் உங்களுக்கு மரியாதை."

தலைமையாசிரியர் தன் கைப்பட எழுதிய ஒரு மாதிரித் தாளை மேசையில் தள்ளினார். எட்டு வயது மகள் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். எழுத்துகள் இடம் மாறித் தெரியும் என்பதைத் தவிர அவளிடம் வேறு குறையில்லை. தாய் ஓர் அலுவலகத்தில் தட்டச்சர். தாளைப் பார்த்து அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அந்த அவமானத்தை அவள் ஒருநாளும் மறக்கவில்லை.

வேலையை விட்டாள். சிறப்புக் கல்வி படித்தாள், தன் மகளைப் போன்ற பிள்ளைகளுக்கே ஆசிரியையானாள், நாற்பத்துநாலு வயதில் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தாள். பள்ளிகள் எப்படிப்பட்ட பிள்ளைகளை, என்ன காரணம் காட்டி வெளியே அனுப்புகின்றன என்பதே ஆய்வு.

"கோபத்துல ஆராய்ச்சி பண்ணக்கூடாதும்மா" என்றார் நெறியாளர்.

"கோபம் என்னோடது சார். ஆதாரம் அவங்களோடது."

மகளை வெளியே அனுப்பிய பள்ளி பதிவேடுகளைக் காட்ட மறுத்தது. அவள் வீடு வீடாக ஏறி இறங்கினாள். பெற்றோர் எழுதிக்கொடுத்த கடிதங்களின் நகல்கள் பத்தொன்பது கிடைத்தன. பத்தொன்பதிலும் 'விருப்பத்தின் பேரில்' என்பது 'பேறில்' என்றே இருந்தது, அவள் எழுதியதிலும். ஒரு தகப்பனார் மாதிரித் தாளையே பத்திரமாக வைத்திருந்தார்; அதிலும் அதே பிழை.

வாய்மொழித் தேர்வுக்கு யாரும் வரலாம். அவளே நேரில் போய்த் தலைமையாசிரியரை அழைத்தாள். ஓய்வுபெற்று, அதே பள்ளியின் செயலாளராக இருந்தார். அவருக்கு அவளை அடையாளம் தெரியவில்லை.

"உங்கள மாதிரி பெரியவங்க வந்தா எனக்குப் பெருமை சார்."

வந்தார். முதல் வரிசையில் கால்மேல் கால் போட்டு அமர்ந்தார். ஆய்வேட்டில் பள்ளியின் பெயர் கிடையாது, 'நான்காம் பள்ளி' மட்டும்தான். கடிதங்கள் ஒவ்வொன்றாகத் திரையில் வந்தன. கால் கீழே இறங்கியது. கடைசியாக மாதிரித் தாள் வந்தது.

"அது என் கையெழுத்தே இல்ல!" என்று எழுந்து கத்தினார்.

அவள் நிதானமாகக் கேட்டாள்: "உங்களோடதுன்னு யார் சார் சொன்னா?"

பின்வரிசையில் யாரோ சிரிக்க, அது அறை முழுக்கப் பரவியது. அவர் கைப்பையைக்கூட எடுக்காமல் வெளியேறினார்.

பட்டம் கிடைத்தது. பெற்றோர்கள் சேர்ந்து கல்வி அலுவலகத்தில் புகார் கொடுத்தார்கள். விசாரணையில் குட்டு வெளிப்பட்டு, செயலாளர் பதவி பறிபோனது. புகாரில் அவள் கடிதத்தையும் பார்த்து அவள் யாரென்று கண்டுகொண்டவர், ஒருநாள் அவள் வீட்டைத் தேடி வந்தார்.

"இத்தனை வருஷமா என்மேல வஞ்சம் வச்சிருந்தியாம்மா?"

"ஆமா சார்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

அச்சகத்தில் அட்டை வடிவமைக்கும் மகள் உள்ளேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "பாவம்மா, வயசானவரு. எனக்கு அவர் முகமே மறந்துபோச்சு."

"நீ மறந்துக்கோடி. நல்லதுதான்" என்றாள் தாய். "என்னை மட்டும் மறக்கச் சொல்லாதே."